நீல இன்ஹேலர் மட்டும் போதுமா? இன்ஹேலர் சிகிச்சை இன்று நிற்கும் இடமும் போகும் திசையும்

கார்முகில்:
ஆஸ்துமா உள்ளவர்களில் நிறையப் பேர் இன்னும் நீல இன்ஹேலர் ஒன்றையே நம்பி நாளை ஓட்டுகிறார்கள். இழுப்பு வந்தால் இரண்டு பஃப், அடங்கியதும் பைக்குள், மறுபடி வந்தால் மறுபடி இரண்டு பஃப். இது போதாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டி அமைப்பான ஜீனா 2019-லேயே சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கும் 12 வயதைத் தொட்ட பிள்ளைகளுக்கும் நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம், ஆஸ்துமா எவ்வளவு லேசாக இருந்தாலும் கூடவே உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் ஏதாவது ஒரு வடிவில் உள்ளே போக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். சொல்லி இத்தனை வருடம் ஆன பிறகும் பலருக்கு அது போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருக்கும் ஆய்வுகளையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் வெளிவந்த சிக்மா 1 ஆய்வில், லேசான ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இழுப்பு வரும்போது மட்டும் வெறும் நிவாரண மருந்து, இன்னொரு பகுதியினருக்கு அதே நேரத்தில் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டும் ஃபார்மோட்டெரால் என்ற குழாய் திறக்கும் மருந்தும் சேர்ந்த இன்ஹேலர். இரண்டாவது பகுதியினருக்குக் கடுமையான தாக்குதல் 64 சதவீதம் குறைந்தது. தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கச் சொன்ன மூன்றாவது பகுதியினரோடு ஒப்பிட்டாலும் கடுமையான தாக்குதல்கள் ஏறக்குறைய சமம், ஆனால் உடம்புக்குள் போன ஸ்டீராய்டு அவர்கள் எடுத்ததில் 17 சதவீதம்தான். (தினசரி அறிகுறிகளைக் கட்டுக்குள் வைத்திருப்பதில் மட்டும் தினமும் எடுத்தவர்கள் ஒரு படி மேல். அதை மறைக்க வேண்டியதில்லை.)

என் நிலைப்பாடு இதுதான்: சுருங்கிய குழாயைத் திறக்கும் ஒவ்வொரு பஃபிலும் வீக்கத்தைக் குறைக்கும் மருந்தும் கூடவே போக வேண்டும். இன்ஹேலரின் எதிர்காலம் என்று பேசப்படும் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முதலில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். மாற்றுக் கருத்து இருந்தால் வாருங்கள், பேசுவோம்.

பனித்துளி:
எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. பள்ளிக்கூட வயதிலிருந்து என்னோடு இருப்பது நீல இன்ஹேலர். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறக்கிறது. அதை யாரும் எனக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை, உடம்பே சொல்லிவிடுகிறது. தடுப்பு இன்ஹேலர் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். எடுத்தால் எதுவும் தெரியவில்லை, எடுக்காவிட்டாலும் எதுவும் தெரியவில்லை. அதில் இருப்பது ஸ்டீராய்டு வேறு. நன்றாக இருக்கிற நாளில் எதற்காக ஸ்டீராய்டை உள்ளே இழுக்க வேண்டும்? ஆய்வு எண்களைத் தாண்டி யாராவது இதற்குப் பதில் சொன்னால் நல்லது. கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

யாழி:
நுரையீரல் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். பனித்துளி, நீங்கள் கேட்டதைத்தான் எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள், மீதிப் பேர் கேட்காமலே மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அதனால் கேட்டது நல்லதுதான்.

ஆஸ்துமாவில் இரண்டு விஷயம் நடக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, அது நிமிடங்களில் நடப்பது. குழாயின் உள்சுவர் வீங்கிச் சளியை ஊறவைக்கிறது, அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பது. நீல இன்ஹேலர் முதலாவதை மட்டும் சரிசெய்யும், நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு. வீக்கத்தை அது தொடவே தொடாது. உங்களுக்கு ‘நன்றாக இருக்கிற நாள்’ என்று தோன்றும் நாளிலும் சுவர் வீங்கியே இருக்கலாம். அதன் மேல் ஒரு சளிக்காய்ச்சலோ புகையோ வந்து சேர்ந்தால் குழாய் அடைத்துக்கொள்கிறது, அப்போது எத்தனை பஃப் அடித்தாலும் திறக்காது. ஸ்டீராய்டு வேலை செய்வது உடனே தெரியாததற்கும் இதுதான் காரணம். வீக்கம் மெதுவாக வற்றுகிறது, நமக்கு அது உறைப்பதில்லை.

ஸ்டீராய்டு பயத்துக்கு அளவைப் பார்த்தால் போதும். கடுமையான தாக்குதலில் ஆஸ்பத்திரிக்கு வந்தால் பெரியவர்களுக்கு ப்ரெட்னிசொலோன் மாத்திரை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வாக்கில் கொடுப்போம், ஐந்து ஏழு நாளைக்கு. தடுப்பு இன்ஹேலரில் ஒரு பஃபில் இருப்பது 100, 200 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். மருந்துகள் வேறு வேறு, வீரியமும் வேறு என்பதால் நேருக்கு நேர் வைக்க முடியாது, ஆனாலும் உடம்பு முழுக்கச் சுற்றும் ஸ்டீராய்டு எதில் அதிகம் என்பதில் சந்தேகமே இல்லை. இன்ஹேலருக்குப் பயந்து அதை விட்டுவிட்டு, தாக்குதல் வந்து, வருடத்தில் பல முறை மாத்திரை எடுக்கிறவர்கள்தான் உண்மையில் ஸ்டீராய்டில் மாட்டிக்கொள்கிறவர்கள். குழந்தைகளின் உயரம் பற்றியும் உண்மையைச் சொல்கிறேன்: வருடக்கணக்கில் புடெசொனைடு எடுத்த பிள்ளைகளை வளர்ந்த பிறகும் பின்தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். மூச்சு முட்டித் தூங்காத இரவுகளையும் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நாட்களையும் மறு தட்டில் வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

நிவாரண இன்ஹேலரை மட்டும் நம்பியதன் விலை சரித்திரத்திலேயே பதிவாகியிருக்கிறது. 1960-களில் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உள்ளிட்ட நாடுகளில் ஆஸ்துமா மரணங்கள் திடீரென்று ஏறின. வீரியம் கூட்டிய ஐசோபிரெனலின் என்ற அன்றைய நிவாரண இன்ஹேலர்மீது பழி விழுந்தது. 1970-களின் பிற்பகுதியில் நியூசிலாந்தில் மறுபடி ஏறியது, இம்முறை ஃபெனோட்டெரால் என்ற இன்னொரு நிவாரண மருந்து. பிரிட்டனில் 2014-இல் வந்த ஆஸ்துமா மரணத் தணிக்கையில், நிவாரண இன்ஹேலர் கணக்கு தெரிந்தவர்களில் 39 சதவீதம் பேர் இறப்பதற்கு முந்தைய ஒரு வருடத்தில் 12-க்கும் மேல் நிவாரண இன்ஹேலர்கள் வாங்கியிருந்தார்கள். அதாவது மாதம் ஒன்று தீர்ந்துகொண்டிருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

பனித்துளி:
மாதம் ஒன்றா? படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஸ்வீடனில் வருடத்துக்கு மூன்றுக்கு மேல் போனாலே ஆபத்து கூடுகிறது என்று எங்கோ படித்த ஞாபகம். சரிதானா?

யாழி:
சரி. வருடத்துக்கு மூன்றோ அதற்கு மேலோ வாங்கினால் தாக்குதலும் மரணமும் கூடுதலாக இருந்தன. இன்ஹேலரே விஷம் என்று இதற்குப் பொருள் இல்லை. அவ்வளவு தேவைப்படுகிறது என்றாலே நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

நெடுவழி:
ஆஸ்துமா பற்றியே பேச்சு போகிறது, நான் அப்பாவுக்காகக் கேட்க வேண்டும். அவருக்கு சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். பல வருடப் புகைப்பழக்கம், இப்போது விட்டுவிட்டார். வீட்டில் இருக்கும் கருவிகளை மேஜையில் வரிசையாக வைத்தால் எனக்கே தலை சுற்றுகிறது: அழுத்தினால் பீய்ச்சும் ஸ்ப்ரே ஒன்று, கேப்ஸ்யூலைப் போட்டுத் துளைத்து இழுக்கும் பொடி ஒன்று, மூடியைத் திறந்தாலே டோஸ் தயாராகிவிடும் வட்டமான பொடி ஒன்று, இவை போதாதென்று திரவ மருந்தைப் புகைபோல் ஆக்கித் தரும் நெபுலைசர். வேறு வேறு ஆஸ்பத்திரியில் வேறு வேறு மருத்துவர் எழுதியது. ஒன்றை எழுதியவர் மற்றதை நிறுத்தச் சொல்லவில்லை.

அவர் ஸ்ப்ரேயை எடுக்கும் விதத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விரல் மூட்டு வலிப்பதால் இரண்டு கையாலும் பிடித்து அழுத்துகிறார், அழுத்தி முடித்த பிறகுதான் இழுக்கத் தொடங்குகிறார். வாயோரத்திலும் மூக்கிலும் வெள்ளையாகப் புகை வெளியே வருகிறது. பொடியை எடுக்கும்போது தலைகீழ், மெதுவாக, ஆற அமர இழுக்கிறார், கேப்ஸ்யூலைத் திறந்து பார்த்தால் பாதிப் பொடி அப்படியே உள்ளே ஒட்டியிருக்கிறது. ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்கிறார். மருந்து உள்ளே போனால்தானே வேலை செய்யும்? ஆனால் இதுவரை அவரிடம் ‘எடுத்துக் காட்டுங்கள்’ என்று யாரும் கேட்டதே இல்லை.

யாழி:
நெடுவழி, உங்கள் அப்பாவைப் போலத்தான் பெரும்பாலோர். நாற்பது வருட ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் ஓர் அலசல் வந்தது. இன்ஹேலரைச் சரியாக எடுத்தவர்கள் 31 சதவீதம்தான். அந்த நாற்பது வருடத்தில் நிலைமை முன்னேறவும் இல்லை. கருவிகள் எத்தனையோ மாறின, சொல்லிக்கொடுப்பது மட்டும் மாறவில்லை. எனக்கு இந்தத் துறையில் மனதை உறுத்தும் ஒரே விஷயம் எது என்றால் இதுதான்.

ஸ்ப்ரேக்கும் பொடிக்கும் இழுக்கும் விதமே எதிரெதிர். ஸ்ப்ரேயில் மருந்தை வாயு தள்ளிக்கொண்டு வருகிறது, அதனால் நாம் மெதுவாக இழுக்க வேண்டும். நன்றாகக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, இழுக்கத் தொடங்கும் அதே நொடியில் அழுத்தி, நான்கைந்து நொடி நிதானமாக இழுத்து, முடிந்தால் பத்து நொடி அடக்க வேண்டும். பொடியில் தள்ளுவதற்கு எதுவும் கிடையாது. நம் மூச்சின் வேகம்தான் பொடியை உடைத்துப் பறக்கவிடுகிறது. அதனால் ஆரம்பத்திலேயே வேகமாக, பலமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பொடிக் கருவிக்குள் மட்டும் ஊதிவிடக் கூடாது, மூச்சு ஈரத்தில் பொடி கட்டிக்கொள்ளும். ஒரே ஆளிடம் இரண்டையும் கொடுத்தால் குழம்பாமல் என்ன செய்வார்?

உங்கள் அப்பாவுக்கு மூட்டு வலி, ஒருங்கிணைப்பு சரியில்லை என்றால் ஸ்ப்ரேயோடு ஸ்பேசர் கேளுங்கள். அது வெறும் காலிக் குடுவைதான். ஆனால் அழுத்துவதையும் இழுப்பதையும் ஒரே நொடியில் செய்ய வேண்டிய கட்டாயம் போய்விடும், பெரிய துளிகள் குடுவையின் சுவரில் தங்கிவிடுவதால் தொண்டையில் படிவதும் குறையும். உயிருக்கு ஆபத்தான கட்டம் தவிர மற்ற ஆஸ்துமா தாக்குதல்களில் நெபுலைசரும் ஸ்பேசரும் பலனில் கிட்டத்தட்ட சமம், இது ஆய்வில் உறுதியானது. நெபுலைசர் என்றால் பெரிய வைத்தியம், இன்ஹேலர் என்றால் சின்ன வைத்தியம் என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துத் துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை அங்கேயே இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு உள்ள எந்த இன்ஹேலர் எடுத்தாலும் வாயைக் கொப்புளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாய்க்குள் வெள்ளைப் பூஞ்சை, தொண்டை கம்மல்.

அப்புறம், எல்லாக் கருவியையும் ஒரே பையில் போட்டு அடுத்த முறை கையோடு எடுத்துப் போங்கள். ஒரே வகைக் கருவியாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இது நியாயமான கோரிக்கை, தயங்காதீர்கள்.

வேங்கை:
இன்ஹேலருக்கான மருந்துத் துகள் வடிவமைப்பில் வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். யாழி சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் இயற்பியல் இருக்கிறது. மருந்துத் துகள் ஒன்றிலிருந்து ஐந்து மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை இருந்தால்தான் நுரையீரலுக்குள் இறங்கும். அதைவிடப் பெரிது என்றால் தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் மோதி ஒட்டிக்கொள்கிறது. மிகச் சிறிது என்றால் கணிசமான பங்கு உள்ளே போன கையோடு வெளிமூச்சில் திரும்பி வந்துவிடுகிறது. சாதாரண ஸ்ப்ரேயில் நுரையீரலைத் தொடுவது பத்திலிருந்து இருபது சதவீதம்தான், மிச்சமெல்லாம் வாயிலும் தொண்டையிலும். வேகமாக இழுத்தால் அந்தப் பத்தும் குறையும்.

இந்தக் கருவி எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1955-இல் ரைக்கர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜார்ஜ் மேய்சனின் மகளுக்கு ஆஸ்துமா. அப்போது கண்ணாடி நெபுலைசரைக் கையால் அமுக்கித்தான் மருந்து எடுக்க வேண்டும். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்து ஏன் வரக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டாளாம். 1956-இலேயே மெடிஹேலர் விற்பனைக்கு வந்துவிட்டது. 1969-இல் சால்பியூட்டமால், 1972-இல் பெக்ளோமெத்தசோன். இன்றைக்கு நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் நீலமும் தடுப்பும் அடுத்தடுத்து வந்தவைதான்.

இப்போது பெரிய மாற்றம் நடப்பது உந்துவாயுவில். முதலில் இருந்தது சிஎஃப்சி, ஓசோனை அரிக்கிறது என்று 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாகப் போனது. அதன் இடத்தில் வந்த ஹெச்எஃப்ஏ-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட 1,300 மடங்குக்கும் மேல். அதையும் குறைக்கச் சொல்லி அதே ஒப்பந்தத்தில் 2016-இல் கிகாலி திருத்தம். அடுத்து வருவது ஹெச்எஃப்ஏ-152ஏ, அதன் சூடாக்கும் அளவு பத்தில் ஒரு பங்குதான். ஹெச்எஃப்ஓ-1234இசட்இ என்ற இன்னொன்றில் ஒன்றுக்கும் கீழ். இந்த இரண்டாவது வாயுவோடு வந்த மூன்று மருந்துக் கூட்டு இன்ஹேலர் ஒன்றை 2025-இல் பிரிட்டன் அனுமதித்துவிட்டது.

வாயுவை மாற்றுவது எளிது என்று நினைத்துவிடாதீர்கள். சிஎஃப்சி போய் ஹெச்எஃப்ஏ வந்தபோது, அதில் கரைத்துச் செய்த ஒருவகை பெக்ளோமெத்தசோனின் துகள் அளவு ஒரு மைக்ரான் அளவுக்கு இறங்கிவிட்டது. நுரையீரலுக்குள் போகும் பங்கு பெருகியதால் டோஸையே பாதியாக்க வேண்டி வந்தது. பெயர் அதே, மருந்து அதே, அளவு மட்டும் பாதி! அதனால் ஒவ்வொரு புது வாயுவுக்கும் துகளை மறுபடி அளந்து, மனிதர்களில் மறுபடி சோதித்துத்தான் வெளியே விட வேண்டியிருக்கிறது.

பனித்துளி:
வேங்கை, தகவல் எல்லாம் சரி. ஆனால் மூச்சு விட முடியாமல் தவிக்கிறவரிடம் போய் உன் இன்ஹேலர் பூமியைச் சூடாக்குகிறது என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. கார், விமானம், தொழிற்சாலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நோயாளியின் பைக்குள் இருக்கும் சின்ன டப்பாவில் கணக்குப் பார்ப்பதா? இந்தக் காரணத்துக்காகவே ஸ்ப்ரேயிலிருந்து பொடிக்கு மாற்றிவிட்டு, இழுக்க வலுவில்லாமல் திண்டாடுகிற வயதானவர்கள் கதியை யார் பார்ப்பது?

வேங்கை:
ஒப்புக்கொள்கிறேன், நோயாளி தலையில் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது. ஏற்ற வேண்டியது எங்களைப் போன்றவர்கள் தலையில். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை வெளியிடும் மொத்தக் கரியமிலக் கணக்கில் இன்ஹேலர்கள் மட்டுமே 3 சதவீதம் அளவுக்கு வருகின்றன என்று அவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். ஒற்றைப் பொருளுக்கு அது பெரிய பங்கு, செய்கிற இடத்தில் சரிசெய்யத்தான் வேண்டும். ஸ்ப்ரேயை ஒழிப்பது வழியல்ல. சின்னக் குழந்தைகளுக்கும் இழுக்கும் பலம் குறைந்தவர்களுக்கும் ஸ்ப்ரேயும் ஸ்பேசரும் இல்லாமல் முடியாது. வாயுவை மாற்றிவிட்டால் இந்தச் சண்டையே எழாது.

கார்முகில்:
இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கணக்கில் பெரும்பங்கு நீல ஸ்ப்ரேக்கள்தான். நோய் கட்டுக்குள் இல்லாததால் டப்பா டப்பாவாகத் தீர்கிறவை. ஆக ஆஸ்துமாவைச் சரியாகக் கவனித்தாலே வாயுவும் குறையும். நோயாளிக்கு நல்லது செய்தால் மற்றது தானாக நடக்கிற இடம் இது, நோயாளியிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை.

நெடுவழி:
யாழி அக்கா சொன்னபடி பையைத் தயார் செய்துவிட்டேன், நன்றி. இன்னொரு கேள்வி. அப்பாவுக்கு எழுதியிருக்கும் ஒன்றில் மூன்று மருந்து இருக்கிறது, அதில் ஒன்று ஸ்டீராய்டு. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு கட்டாயம் என்று மேலே படித்தேன். சிஓபிடிக்கும் அப்படித்தானா? போன குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா வந்தது, அதனால்தான் கேட்கிறேன்.

யாழி:
இல்லை, அப்படியே பொருந்தாது. இந்த இடத்தில்தான் பலர் இரண்டு நோயையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். சிஓபிடியில் அடிப்படை மருந்து குழாயை நீண்ட நேரம் திறந்து வைத்திருப்பவை: டயோட்ரோப்பியம் போன்றவை ஒரு வகை, ஃபார்மோட்டெரால், இன்டகட்டெரால் போன்றவை இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதுதான் இன்று பலருக்குத் தொடக்கம். ஸ்டீராய்டு அடிக்கடி தாக்குதல் வருகிறவர்களுக்கு, அதிலும் ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளணு வகையின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 300-ஐத் தாண்டியவர்களுக்கு நல்ல பலன் தரும். 100-க்குக் கீழே இருந்தால் பலன் சொற்பம், நிமோனியா ஆபத்து மட்டும் மிச்சம். 2007-இல் வந்த டார்ச் ஆய்விலேயே ஸ்டீராய்டு எடுத்த சிஓபிடி நோயாளிகளுக்கு நிமோனியா கூடுதல் என்று தெரிந்துவிட்டது. ஆக அப்பாவின் ரத்தப் பரிசோதனைத் தாளில் அந்த எண்ணைப் பாருங்கள், நிமோனியா வந்ததையும் சொல்லி, ஸ்டீராய்டு இவருக்குத் தேவையா என்று நேராகக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், எண்ணிக்கை அதிகமாக இருக்கிறவரிடம் திடீரென்று நிறுத்தினால் தாக்குதல் திரும்பும்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் மூச்சுத்திணறலைக் குறைக்கும், தாக்குதலைக் குறைக்கும், அழிந்த நுரையீரலைத் திரும்பக் கட்டித் தராது. அப்பா புகையை விட்டாரே, அதற்கு இணையான மருந்து எந்த இன்ஹேலரிலும் இல்லை. அதற்கு அடுத்து தடுப்பூசி, அப்புறம் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. மூச்சு வாங்குகிறது என்று நடையை நிறுத்தினால் காலில் தசை கரையும், தசை கரைந்தால் இன்னும் மூச்சு வாங்கும். அவரை நடக்க வையுங்கள்.

புதிதாக என்சிஃபென்ட்ரின் என்று நெபுலைசரில் எடுக்கும் மருந்து ஒன்றை 2024 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. குழாயையும் திறக்கும், வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும், ஸ்டீராய்டு அல்ல. இயோசினோஃபில் கூடுதலாக உள்ளவர்களுக்கு டூபிலுமேப் ஊசியும் அதே வருடம் சிஓபிடிக்கு வந்துவிட்டது. பல வருடமாக அதே இரண்டு மூன்று வகை மருந்தைச் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த நோயில் இவை புது வாசல்கள்தான், எல்லோருக்கும் அல்ல என்றாலும்.

கார்முகில்:
சென்சார் வைத்த இன்ஹேலர்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே. எப்போது எடுத்தோம், எவ்வளவு வேகமாக இழுத்தோம் என்று கைபேசிக்கு அனுப்பும் கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 2018-இல் அனுமதி கிடைத்தது. அந்த வரிசையைத் தயாரித்தவர்களே 2024-இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். யோசனை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையைக் கூட்டும் முன், ஊசிக்குப் போகும் முன், இவர் இருக்கிறதைச் சரியாக எடுக்கிறாரா என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. ஆனால் டோஸ் எண் காட்டும் சாதாரண எண்ணியே இல்லாத இன்ஹேலர்கள் இன்னும் உலகம் முழுக்க இருக்கின்றன. குலுக்கிப் பார்த்துச் சத்தம் வந்தால் மருந்து இருக்கிறது என்று நினைக்கிறார்கள், மருந்து தீர்ந்த பிறகும் வாயு மிச்சம் இருந்து பீய்ச்சும் என்பது தெரியாமல்! தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் அதே ரகம்தான், நம்பக் கூடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019-இல் ஆஸ்துமா 4,55,000 பேரைக் கொண்டுபோனது. 2021-இல் சிஓபிடி 35 லட்சம் பேரை. எழுபது வயதுக்குள் சிஓபிடியால் இறப்பவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். புடெசொனைடு-ஃபார்மோட்டெரால் கூட்டு அந்த நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இருப்பது கையில் கிடைக்காமல் இருக்கும்வரை சென்சாரைப் பற்றிக் கனவு காண எனக்கு மனம் வரவில்லை.

வேங்கை:
கார்முகில், அதற்காக ஆராய்ச்சியை நிறுத்திவைக்க முடியாதே. இரண்டும் சேர்ந்தேதான் நடக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கும் சிஓபிடிக்கும் வெளியே இழுத்து எடுக்கும் மருந்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். நுரையீரலில் சளி கெட்டியாகும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோயில் சளியை நீர்க்கச் செய்யும் டார்னேஸ் ஆல்ஃபா 1993-இலேயே வந்தது, டோப்ராமைசின் என்ற கிருமிக்கொல்லியின் நெபுலைசர் மருந்து 1997-இல். நுரையீரலைப் பிடிக்கும் ஒருவகைப் பிடிவாதமான கிருமிக்கு, கொழுப்புக் குமிழிக்குள் அமிகாசின் என்ற கிருமிக்கொல்லியை அடைத்து இழுக்கவைக்கும் மருந்து 2018-இல். ரத்தத்தில் ஏற்றினால் காதையும் சிறுநீரகத்தையும் பதம்பார்க்கும் மருந்தை நோய் இருக்கும் இடத்திலேயே இறக்குவதுதான் இதில் லாபம். நுரையீரல் தழும்பு நோயோடு நுரையீரல் ரத்தக்குழாயில் உயர் அழுத்தமும் சேர்ந்தவர்களுக்கு ட்ரெப்ரோஸ்டினில் என்ற இழுக்கும் மருந்து 2021-இல் அனுமதி பெற்றது.

எல்லாம் ஜெயித்துவிடவில்லை. இழுக்கும் இன்சுலின் 2006-இல் ஆரவாரமாக வந்தது, அடுத்த வருடமே விற்பனையாளர் கைவிட்டார். கருவி பெரிது, விலை கூடுதல், ஊசியைவிடப் பெரிய லாபம் நோயாளிக்குத் தெரியவில்லை. மருந்து நன்றாக இருந்தாலும் கையில் பிடிக்கச் சங்கடமாக இருந்தால் மக்கள் தொட மாட்டார்கள் என்பதை எங்கள் துறை அப்போது கற்றிருக்க வேண்டும்.

மரபணுவையே இழுத்து உள்ளே அனுப்பும் முயற்சியும் நடக்கிறது. பிரிட்டனில் 2015-இல் வெளிவந்த ஆய்வில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு மாதம் ஒரு முறை, ஒரு வருடம், நெபுலைசரில் மரபணு. மருந்தில்லாமல் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் மூச்சுத்திறனில் 3.7 சதவீத வித்தியாசம். சின்னதுதான். ஆனால் இது முடியும் என்று முதல்முறையாகத் தெரிந்தது. தடையாக நிற்பது நுரையீரலின் சொந்தக் காவல்தான்: உள்ளே வரும் எதையும் சளியில் பிடித்து, மயிரிழை போன்ற சிலியாக்களால் மேலே தள்ளி வெளியேற்றுவதற்கென்றே அமைந்த உறுப்பு அது. அதைத் தாண்டி செல்லுக்குள் போக, கொழுப்புத் துகள்களில் எம்ஆர்என்ஏவை (செல்லுக்கு எந்தப் புரதம் செய்ய வேண்டும் என்று சொல்லும் மூலக்கூறு) வைத்து இப்போது பரிசோதிக்கிறார்கள். தெளிப்பானின் அதிர்விலேயே அந்தத் துகள் உடைந்துபோகாமல் இருக்க வேண்டும், அதிலேயே பாதி ஆராய்ச்சி ஓடுகிறது. என் காலத்திலேயே இது சாத்தியமாகும் என்று நம்பித்தான் இந்த வேலையில் இருக்கிறேன்.

பனித்துளி:
இத்தனையும் படித்த பிறகு அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். நீலத்துக்குப் பதிலாகக் கூட்டு இன்ஹேலர் கேட்கலாம் என்று இருக்கிறேன். எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும்? வீட்டில் அக்காவின் பழைய கூட்டு இன்ஹேலர் ஒன்று இருக்கிறது, அதில் சால்மெட்டெரால் என்று போட்டிருக்கிறது. அதையே தேவைப்படும்போது எடுக்கலாமா?

யாழி:
எடுக்க வேண்டாம். அக்காவுடையதை எடுக்கவே வேண்டாம், அதிலும் சால்மெட்டெரால் உள்ளதை இழுப்பு வரும்போது எடுக்கவே கூடாது. அது மெதுவாகத்தான் வேலையைத் தொடங்கும். நிவாரணத்துக்கும் பயன்படுவது ஃபார்மோட்டெரால் உள்ள கூட்டு, ஏனென்றால் அது சில நிமிடங்களிலேயே குழாயைத் திறக்கும், பல மணி நேரம் நிற்கவும் செய்யும். அமெரிக்காவில் 2023-இல் சால்பியூட்டமாலையும் புடெசொனைடையும் ஒரே டப்பாவில் வைத்த நிவாரண இன்ஹேலருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் எல்லா நாட்டிலும் கிடைக்காது.

மருத்துவரிடம் மூன்று விஷயம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: வழக்கமான நாளில் எத்தனை பஃப், அறிகுறி கூடினால் எத்தனை, ஒரு நாளில் உச்சவரம்பு எவ்வளவு. புடெசொனைடு-ஃபார்மோட்டெராலில் பெரியவர்களுக்கு ஜீனா சொல்லும் உச்சவரம்பு எல்லாம் சேர்த்து நாளுக்கு 12 பஃப், ஆனால் அந்த எண் வரை காத்திருக்கக் கூடாது. வழக்கத்தைவிட அதிகம் தேவைப்படும் நாளிலேயே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பேச்சு வார்த்தை வார்த்தையாக முறிந்து வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், மருந்து எடுத்தும் அடங்காவிட்டால், நேராக அவசரப் பிரிவு. புது இன்ஹேலர் கைக்கு வந்ததும் அவர் முன்னாலேயே ஒரு முறை எடுத்துக் காட்டிவிட்டு வாருங்கள். பழைய நீலத்தை என்ன செய்வது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், மாற்று மருந்து கையில் வரும்வரை அது உங்கள் பையிலேயே இருக்கட்டும்.